அவர் அழவில்லை

கைப்பையில் பஸ்ஸுக்குச் சில்லறை தேடும்போது முந்தாநாள் சிதம்பரத்தில் பார்த்த படத்தின் டிக்கெட் அகப்பட்டது. கசக்கி எறிந்தேன். கோபம் அப்போதும் போகவில்லை. யாரிடம் கத்த? நீ செத்துப்போய் இரண்டு வருஷமாகிறது. அதனால் எழுதுகிறேன்.

நீ எடுத்த பேட்டியைப் படமாக எடுத்திருக்கிறார்கள். 'உண்மைச் சம்பவம்' என்று எழுத்துப் போடுகிறார்கள். அதில் நீ பெண்ணாகக்கூட இல்லை. கோட்டு போட்ட ஒருத்தன் கண்ணாடி ஸ்டூடியோவில் உட்கார்ந்து உன் கேள்வியைக் கேட்கிறான். நம் ஸ்டூடியோ மஞ்சக்குப்பத்தில் செருப்புக் கடைக்கு மேல் மாடி. மைக்கில் சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்திவிட்டோம். உனக்கும் வியர்த்தது, எதிரே இருந்த முன்னாள் அமைச்சருக்கும் வியர்த்தது.

ஆற்றங்கரை உடைந்து ஒரு ஊரே மூழ்கி, பதினொரு பேர் செத்து, அவர் பதவி போயிருந்த நேரம். லோக்கல் சேனல்தானே, நாலு நல்ல வார்த்தை பேசிப் பெயரைக் கழுவிக்கொள்ளலாம் என்று வந்தார். நீயோ மூன்று மாதம் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போய்வந்திருந்தாய். கரை தாங்காது என்று மேலே தகவல் சொன்ன காவலாளியைக் கண்டுபிடித்துப் பேசியிருந்தாய்.

"கரை தாங்காதுன்னு உங்களுக்கு எப்பங்க தெரியும்?"

உடைந்த பிறகுதான் என்றார். நீ காவலாளியின் பெயரை மட்டும் சொன்னாய். அப்புறம் வாய் திறக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். துண்டால் கழுத்தைத் துடைத்தார். கடைசியில் அவரே பேசினார்.

"சாயங்காலம் ஆறு மணிக்கே தெரியும்மா. சொன்னா ஜனங்க ரோட்டுக்கு வந்துடும். எனக்குத்தான தலைவலி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சிரிப்பதுபோல.

படத்தில் அந்த இடத்தில் அவர் அழுகிறார். வயலின் வாசிக்கிறார்கள். பக்கத்து சீட்டு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்து, பாவம், மனசு ஒடைஞ்சுட்டாரு என்றார். அவரு அழுவலைங்க, சிரிச்சாரு என்றேன். நீங்க பாத்தீங்களா என்று கேட்டார்.

"பாத்தேங்க. அந்தச் சிரிப்ப வெட்டுனதே நாந்தான்."

புரியாமல் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பேச்சு இருக்கட்டும், சிரிப்பு வேண்டாம் என்று முதலாளி போனில் சொன்னார். எடிட்டிங் மேசையில் இருந்தவள் நான். வேலை போய்விடும் என்ற பயம். ஆறு செகண்டு. வெட்டினேன். ஒளிபரப்பான மறுநாள் நீ வந்து என் எதிரே நின்றாய்.

"சிரிப்பு எங்கடி?"

முதலாளி சொன்னார் என்றேன்.

"நீ வெட்டுன எடத்துல நாளைக்கு எவனாவது வந்து எதையாவது ஒட்டுவான், பாரு."

அன்றே வேலையை விட்டாய். நான் விடவில்லை. அண்ணாமலை நகரில் ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தீசிஸ் டைப் அடித்துக் கொடுத்தாய், மஞ்சள் காமாலை வந்து படுக்கும்வரை. முழு டேப்பின் மேல் சேனலில் ஒரு சமையல் நிகழ்ச்சியைப் பதிவு செய்துவிட்டார்கள். படம் எடுத்தவன்மேல் கோபம், முதலாளிமேல் கோபம், என்மேல் எல்லாவற்றையும்விட ஜாஸ்தி. ஒரு காப்பி எடுத்து வைக்காமல் போனாயே என்று உன்மேலும்தான்.

இப்போது அந்த முன்னாள் அமைச்சர் மறுபடி தேர்தலில் நிற்கிறார். நெல்லிக்குப்பம் ரோடு முழுக்க ஃப்ளெக்ஸ். 'மனசாட்சியுள்ள தலைவர்' என்று போட்டிருக்கிறது. படத்தில் அழுததை வைத்து ஓட்டுக் கேட்கிறார்.

இன்று காலை அந்த ஊருக்கு பஸ் ஏறினேன். வெள்ளத்தில் மகளைப் பறிகொடுத்த அம்மா, நீ அடிக்கடி போய் உட்கார்ந்திருந்த அதே வீட்டில்தான் இருக்கிறார். அமைச்சர் சொன்னதையும், சிரித்ததையும், நான் வெட்டியதையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

"எவ்ளோ நேரம் சிரிச்சான்?"

"ஆறு செகண்டுங்க."

எழுந்து செருப்பை மாட்டினார். "வா, அடுத்த தெருவுலயும் இத அப்படியே சொல்லு" என்றார்.

நான்கு தெருவில் சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் உன் பெயரைச் சொன்னேன், அப்புறம் நான் செய்ததை. இன்னும் ஏழு தெரு இருக்கிறது. நாளைக்கும் போகிறேன். அந்த ஆறு செகண்டு இப்போது எந்த டேப்பிலும் இல்லை, என்னிடம்தான் இருக்கிறது. இனி யார் சொன்னாலும் வெட்டமாட்டேன்.