பியானோவுக்கு நடுவில் என் ஒப்பாரி

திருப்பனந்தாள் பக்கம், மேலக்காடு
புரட்டாசி 9, 1971

தம்பி ரெத்தினத்துக்கு அக்கா காத்தாயி எழுதுவது. நீ பம்பாயில் சௌக்கியம் என்று தெரிகிறது. இங்கே நானும் சௌக்கியம் என்று எழுதினால் பொய்.

உன் கடிதம் வந்தது. நீ பியானோ வாசித்துப் போட்ட ஜாஸ் இசைத்தட்டைப் பத்திரிகைக்காரர்கள் திட்டிவிட்டார்களாம். அடுத்த தடவை போடும்போது என் குரலை வெட்டிவிடப் போகிறாயாம். கோபிக்காதே அக்கா என்று வேறு! கோபிக்காமல் கொஞ்சுவேனா?

மெட்ராஸ் பேப்பரில் வந்ததை இராஜாங்கம் வாத்தியார் தமிழில் சொன்னார். உன் வாசிப்பு பிரமாதமாம். நடுவில் ஒரு கிராமத்துப் பெண் கத்துவதுதான் காதில் ஆணி அடிக்கிறதாம். தாலி அறுத்தவள் ராகம் பார்த்தா அழுவாள்? அந்த ஆளை விடு. தட்டின் உறையில் நீ என்ன எழுதியிருக்கிறாய்? அறுவடைப் பாட்டாம்! அடப்பாவி, உன் மச்சானின் கருமாதிக்கு வந்து, மூலையில் டேப் பெட்டியை வைத்து என் ஒப்பாரியைப் பிடித்தாயே, அது அறுவடைப் பாட்டா?

என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? ஒப்பாரியில் யார் பேரைச் சொன்னாலும் ஏன் சொன்னாய் என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. பண்ணையார் துரைராசு ஆள் வைத்து அவரை அடித்துக் கொன்றான் என்று நான் அழுதபோது, அந்தப் பண்ணையின் காரியக்காரரே வாசலில் நின்று கேட்டுவிட்டுப் பேசாமல் போனார். தட்டில் ஏறினால் அந்தக் கதை வேறு. துரைராசு மகன் மெட்ராஸில் அதை வாங்கிவந்து வீட்டில் போட்டிருக்கிறான். ஆட்டம் போட வாங்கினானாம், அப்பன் பேர் வந்தது.

அன்றிலிருந்து எனக்கு நடவு வேலை கிடையாது. மூன்று வாரமாகப் பக்கத்து வீட்டு நாகம்மாள் ஊற்றும் கஞ்சிதான். போன செவ்வாய்க்கிழமை காரியக்காரர் வந்தார். தம்பிக்கு எழுதி அந்தப் பாட்டை எடுக்கச் சொல், நாளைக்கே வயலில் இறங்கலாம் என்றார். முடியாது என்று அனுப்பினேன். மறுநாள் உன் கடிதம் வருகிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை அடுப்பில் போட்டிருப்பேன்.

சட்டத்தில் போட்ட கூலியைத்தானே உன் மச்சான் களத்தில் கேட்டார்? போலீஸ் காகிதத்தில் வைக்கோல் போரிலிருந்து விழுந்து செத்தார் என்று எழுதிவிட்டார்கள். கோர்ட்டிலும் அதையே படித்தார்கள். துரைராசு பேர் எந்தக் காகிதத்திலும் இல்லை. உன் தட்டில் மட்டும்தான் இருக்கிறது, ரெத்தினம்.

பத்திரிகைக்காரன் இன்னும் நாலு திட்டு திட்டினால் வாங்கிக்கொள். நான் வாங்கியதைவிடவா? அந்த உறையில் உள்ள பொய்யை மட்டும் மாற்று. மருதையன் சாவுக்கு அவர் பெண்டாட்டி அழுதது என்று போடு. இத்தனை வருஷத்தில் அவர் பேரை நான் வாயால் சொன்னதில்லை. உனக்காக எழுதியிருக்கிறேன்.

உன் பத்து விரலும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் இன்றைக்கும் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். வெட்டாதே, ராசா.

உன் அக்கா
காத்தாயி