அது ஒன்றுமே கேட்கவில்லை

ஜூலை 16

முதலாளி அண்ணாச்சிக்கு இன்று என் மேல் எரிச்சல். கொழும்பிலிருந்து வந்த வாடிக்கையாளர்களுக்குப் பெரிய திரையில் காட்ட நான் ஒரு பவர்பாயிண்ட் செய்திருந்தேன். பொத்தானைத் தட்டினால் எந்தக் கண்டெய்னர் துறைமுகத்தில் எங்கே நிற்கிறது என்று தானாகவே காட்டும். அதற்காக உள்ளே மேக்ரோ, அதாவது தானாக ஓடும் சின்ன நிரல், எழுதியிருக்கிறேன். அதனால் திறந்தவுடன் உச்சியில் மஞ்சள் பட்டை: பாதுகாப்பு எச்சரிக்கை, அனுமதிக்கலாமா?

"ஏலே ராஜா, நம்ம கம்ப்யூட்டரே நம்மள நம்ப மாட்டேங்கு?" என்றார். வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

ஜூலை 17

மூன்று கணினிகளிலும் 'எல்லா மேக்ரோவையும் இயக்கு' என்று மாற்றிவிட்டேன். இனி எதுவும் கேட்காது. என் கோப்பு இருக்கிற ஃபோல்டரை மட்டும் நம்பச் சொல்லியிருக்கலாம். பத்து நிமிட வேலை. சோம்பல். யாரிடமும் சொல்லவில்லை. இதில் சொல்ல என்ன இருக்கிறது?

ஜூலை 26

போச்சு. எல்லாம் போச்சு. யாரோ ஏற்றுமதிக்காரர் கொடுத்த பென் டிரைவை எங்கள் அலுவலகத்தில் ஆவணங்கள் தயாரிக்கிற ரீனா செருகி, அதிலிருந்த பவர்பாயிண்டைத் திறந்து, முதல் பக்கத்துப் பொத்தானைத் தட்டியிருக்கிறாள். அரை மணி நேரத்தில் வைரஸ் பரவி அலுவலகக் கோப்புகள் எல்லாம் பூட்டிக்கொண்டன. ஆவணம் இல்லாமல் இரண்டு இறால் கண்டெய்னர்கள் கப்பலைத் தவறவிட்டன.

மாதா கோயில் கொடியேற்றத்துக்கு அரைநாள் லீவு கேட்டிருந்தாள். போகவில்லை.

ஜூலை 27

"அண்ணாச்சி, சத்தியமா அது ஒண்ணுமே கேக்கல" என்றாள் ரீனா.

"கேக்காம இருக்குமா? என்னையே கேட்டுச்சு. கோயிலுக்கு ஓடுத அவசரத்துல பாக்காம அமுக்கிட்ட."

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க சொல்லுங்க."

சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம். "திங்கக்கிழமை ஆள் வந்து பாக்கட்டும்" என்றேன்.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு மூன்று கணினிகளிலும் எச்சரிக்கையை மறுபடி போட்டுவிட்டேன். பிறகு நானும் போய்ச் சாப்பிட்டேன். அதுதான் கேவலம்.

ஜூலை 29

கணினி பழுது பார்க்கிற தேவபிரசாதம் வந்தார். தன்னிடமிருந்த மேக்ரோ கோப்பு ஒன்றை ரீனாவின் கணினியில் திறந்தார். மஞ்சள் பட்டை வந்தது.

"கேக்குதே" என்றார்.

"நாளைலேருந்து வராதளா" என்றார் அண்ணாச்சி ரீனாவிடம்.

ரீனா அழவில்லை. டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தாள். வாசலில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கே சந்தேகமா இருக்குண்ணே. நாந்தான் பாக்காம அமுக்கிட்டேனோ?"

அவள் ஊரான கீழவைப்பாருக்குப் போகிற பஸ் வரைக்கும் துணைக்குப் போனேன். துணைக்கு! நான்!

ஆகஸ்ட் 1

துறைமுகத்து ஒப்பந்தத் தொழிலாளர்களுக்காக ஃபேஸ்புக்கில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். முதலாளி வர்க்கம், அது இதுன்னு. எழுதுன கைதான அந்த செட்டிங்க மாத்துச்சு? அவ வேலைய எடுத்துட்டேன் — போதாதுன்னு அவ புத்தி மேல அவளுக்கு இருந்த நம்பிக்கையையும்லா எடுத்துட்டேன்.

ஆகஸ்ட் 2

அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாற்றியது, பிறகு மறைத்தது, இரண்டையும். வேலை போகும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"வெளிய சொல்லாத. நீ நம்ம ஊர்ப் பையம்லா. தெரியாம நடந்துபோச்சி. டீ குடி."

அவள் செய்யாத தப்புக்கு வாசல். நான் செய்த தப்புக்கு டீ.

குடித்தேன். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 3

அலுவலக வாட்ஸப் குழுவில் போட்டேன். ரீனாவும் இன்னும் அதில் இருக்கிறாள். 'எச்சரிக்கையை அணைத்தது நான். ரீனா சொன்னது உண்மை. அவள் கணினி அன்று எதுவும் கேட்கவில்லை. பிறகு யாரும் கண்டுபிடிக்காதபடி திருப்பி மாற்றியதும் நான்தான்.' அண்ணாச்சி போனில் கத்தினார்: "கோட்டிக்காரப் பயலே, எம் மானத்த வாங்கிட்டியே!" கத்தி முடித்துவிட்டு, "அந்தப் புள்ளய வரச் சொல்லு" என்றார்.

"நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. போகச் சொன்னது நீங்கதான?"

போனை வைத்துவிட்டார்.

ரீனா படித்துவிட்டாள். இரண்டு நீல டிக்.

ஆகஸ்ட் 6

மாதா கோயில் திருவிழா நேற்று முடிந்தது. இன்று ரீனா வந்தாள். அண்ணாச்சிதான் கூப்பிட்டாராம். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லையாம். "வேல கெடக்கு, வா" என்றாராம். டிபன் பாக்ஸை மேசைக்கு அடியில் பழைய இடத்திலேயே வைத்தாள். என் பக்கம் திரும்பவில்லை. மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்தபோது கீபோர்டைத் தட்டத் தொடங்கினாள்.

பதினொரு மணி வாக்கில் ஒரு கோப்பைத் திறந்தாள். திரையின் உச்சியில் மஞ்சள் பட்டை. கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி என்னைக் கூப்பிட்டாள்.

"சார், இது கேக்குது. வந்து பாருங்க."

இரண்டு வருடமாக நான் அவளுக்கு அண்ணன்.

எழுந்து போனேன்.