முப்பத்து நான்காவது விளையாட்டு

மார்ச் 4

அன்பு மகனுக்கு,

அப்பா சொல்ல, எதிர்வீட்டு நர்ஸம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிடுவாய் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், பார்க்கவா முடிகிறது? போனில் பேசினால் 'ம்... ம்...' என்கிறாய், பின்னால் டொக்டொக்கென்று தட்டுகிற சத்தம் கேட்கிறது. அதனால்தான் கடிதம். கடிதத்தைப் பிடித்திருக்கிற கையால் தட்ட முடியாது.

நீ அனுப்பிய டேப்லெட் வந்தது. அறுபது விளையாட்டை ஒரே மூட்டையாகக் கட்டி, கால்வாசி விலைக்கு விற்று, வருகிறதெல்லாம் தீக்காயப்பட்ட குழந்தைகளின் ஆஸ்பத்திரிக்கு என்றாயே, நல்ல காரியம். அதில் எழுத்தே இல்லாத விளையாட்டுகளை நான் ஆடிப்பார்த்துச் சொல்ல வேண்டும், நீ அதை உன் பத்திரிகையில் விமர்சனமாகப் போடுவாய். படிக்கத் தெரியாதவனைப் பரீட்சைத் தாள் திருத்த உட்கார வைத்தவன் நீ ஒருவன்தான்.

நத்தை கடிகாரத்தில் ஏறுகிறதே, அது நன்றாக இருக்கிறது. ஆனால் நத்தைக்கு அவசரமில்லை, செய்தவனுக்குத்தான் அவசரம். கடைசியில் மூன்று முள்ளையும் ஒன்றாகச் சுற்றவிட்டுவிட்டான். தவளை தபால்காரனாக வருவது குழந்தைகளுக்கு. நான் நான்கு முறை ஆடினேன், அது வேறு விஷயம். இரண்டு பேர் சேர்ந்து போர்வை மடிக்கும் விளையாட்டைத் தனிக்கட்டைக்கு அனுப்பியிருக்கிறாய். இடது கையும் வலது கையுமாக மடித்தேன். நர்ஸம்மா, "கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே" என்கிறார்கள்.

முப்பத்து நான்காவதை மட்டும் பாதியில் நிறுத்திவிட்டேன். மூட்டை தூக்குகிறவர், சாமான் லிஃப்ட், மணிக்கயிறு. அதைச் செய்தது யார்? விசாரித்து எழுது. உடனே எழுது.

இதை வழக்கம்போல மருந்துக்கடைக்காரர் வாசித்துக் காட்டிய பிறகுதான் உறையில் போடுவேன். நர்ஸம்மாவுக்கு அதில் கோபம். "நான் என்ன மாத்தியா எழுதப்போறேன்?" என்கிறார்கள். அவர்கள் மேல் சந்தேகமில்லை. எழுதுவது ஒருவர், வாசிப்பது இன்னொருவர். அது என் பழக்கம்.

உன் அப்பா


மார்ச் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் நத்தையை அப்படியே போட்டுவிட்டேன். எங்கள் ஆசிரியர், "இவ்வளவு வருஷம் எங்கப்பா ஒளிச்சு வச்சிருந்தே இந்த நடையை?" என்று கேட்டார். என் அப்பாவுடையது என்று சொல்லிவிட்டேன். நம்பவில்லை.

முப்பத்து நான்கின் பெயர் 'பளு'. ஒரு பெண் தனியாக உட்கார்ந்து இரண்டு வருடமாகச் செய்தது. நீங்கள் நிறுத்தியதால் நானே முடித்துப் பார்த்து எழுதிவிட்டேன். படம் அருமை. ஆனால் மணிக்கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் மணி அடிப்பதில்லை. லிஃப்ட் இறங்கி ஆளை நசுக்கிவிடுகிறது. 'கயிறு பழுது, சரிசெய்தால் நல்ல விளையாட்டு' என்று எழுதினேன். அச்சான அன்றே அந்தப் பெண்ணிடமிருந்து பதில் வந்தது. ஒரே வரி: 'அது பழுது இல்லை; என் அப்பா மணி அடிக்கவில்லை.' பிறகுதான் கடைசிப் பக்கத்தைக் கவனித்தேன். 'மணியடிக்க மறந்த அப்பாவுக்கு' என்று போட்டிருக்கிறாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மூட்டை விற்பனை இந்த மாதம் இருபத்தெட்டோடு முடிகிறது. இன்னும் பதினொரு விளையாட்டுக்கு விமர்சனம் பாக்கி. நீங்கள் ஏன் இவ்வளவு அவசரமாகக் கேட்டீர்கள்? நீங்களும் லிஃப்டில் வேலை பார்த்தவர் என்பதாலா? முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன், உங்கள் மகன்


மார்ச் 14

அன்பு மகனுக்கு,

நர்ஸம்மா, நான் சொல்வதைச் சொன்னபடி எழுதுங்கள். நடுவில் நிறுத்தி என் முகத்தைப் பார்க்காதீர்கள்.

அந்த விளையாட்டில் வருகிற கிடங்கு எனக்குத் தெரியும். மூன்றாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு லிஃப்டை ஏற்றி இறக்கியது நான். கீழே மூட்டை போட்டவர் அந்தப் பெண்ணின் அப்பா. அவளுக்கு அப்போது ஆறு வயது. சாப்பாடு கொண்டுவருவாள். ஒருமுறை தராசில் ஏற்றி நிறுத்தேன், பதினேழரை கிலோ. "மூட்டையிலே மூணுல ஒரு பங்குகூட இல்லையே நீ" என்றேன், கோபித்துக்கொண்டாள். விளையாட்டில் அந்தத் தராசை வைத்திருக்கிறாள். லிஃப்ட் பலகையின் இடது மூலையில் தகரம் அடித்த ஓட்டையைக்கூட விடவில்லை.

மணி ஒரு தடவை அடித்தால் 'இறக்கு'. இரண்டு தடவை அடித்தால் 'அசையாதே, ஆள் உள்ளே'. அன்று ஒரு மூட்டை கிழிந்து, லிஃப்டுக்கு அடியில் இருக்கிற பள்ளத்தில் மாவு கொட்டிவிட்டது. அள்ள இறங்கினார். இறங்குமுன் மணி அடித்தார். இரண்டு தடவை. நான் கேட்டேன்.

என் பக்கத்தில் மேஸ்திரி நின்றிருந்தார். வெளியே லாரி நிற்கிறது, அவருக்கு அவசரம். "அது பக்கத்து லிஃப்ட் மணிப்பா, இறக்கு" என்றார். பக்கத்து லிஃப்டின் மணி விரிசல் விட்டது, கரகரவென்று அடிக்கும். இது கணீரென்று அடித்தது. எனக்கு வித்தியாசம் தெரியும். தெரிந்தும் இறக்கினேன்.

அன்று சாயங்காலமே ஆபீஸில் கூப்பிட்டுக் கேட்டார்கள். இரண்டு தடவை அடித்தது, கேட்டேன் என்றுதான் சொன்னேன். குமாஸ்தா எழுதினார். "நீ சொன்னதுதான் இருக்கு, கைநாட்டு வை" என்றார் மேனேஜர். வைத்தேன். பதினோரு நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். கூட வேலை பார்த்தவன் வாசித்தான்: 'மணி அடிக்காமலே இறங்கினார்; லிஃப்ட் இயக்கியவரின் வாக்குமூலம்.' அந்தக் குடும்பத்துக்கு நஷ்டஈடு கிடையாது என்று ஆயிற்று.

மேஸ்திரியிடம் ஓடினேன். "வாயைத் திறந்தா முதல்ல ஜெயிலுக்குப் போறது நீதான்டா, கைப்பிடி உன் கையிலதானே இருந்துச்சு?" என்றார். நீ நான்கு மாதக் குழந்தை. வாயை மூடிக்கொண்டேன். அந்தக் காகிதம் பதினோரு நாள் எனக்குத் தெரியாமல் பொய் சொன்னது; முப்பத்தோரு வருடம் எனக்குத் தெரிந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது.

இப்போது அதை நம்பி அவள் ஒரு விளையாட்டே செய்துவிட்டாள். நீ பத்திரிகையில் எழுது: மணி அடித்தது. மேலே இருந்தவனுக்குக் கேட்டது. அவன் என் அப்பா.

உன் அப்பா


மார்ச் 19

அப்பா,

மூன்று முறை படித்தேன். என்னால் எழுத முடியாது.

அச்சில் வந்தால் ஒரே நாளில் ஊரே உங்கள் வாசலில் நிற்கும். இணையத்தில் இருக்கிறவர்களை உங்களுக்குத் தெரியாது. என் வேலை போகும். அந்தப் பெண் விளையாட்டைத் திரும்பப் பெற்றால் மூட்டை விற்பனையே நிற்கும். ஆஸ்பத்திரிக் குழந்தைகள் என்ன பாவம் செய்தார்கள்? முப்பத்தோரு வருடம் ஆகிவிட்டது. அவள் எப்படியோ அதோடு வாழப் பழகிவிட்டாள். இப்போது போய், 'அடிச்சார், கேட்டுச்சு, இறக்குனேன்' என்றால் அவளுக்கு அது ஆறுதலா? இன்னொரு அடியா?

இருபத்தெட்டாம் தேதி கழியட்டும். பிறகு உட்கார்ந்து பேசலாம். அதுவரை யாரிடமும் சொல்லாதீர்கள். நர்ஸம்மாவிடமும் மருந்துக்கடைக்காரரிடமும் வெளியே பேச வேண்டாமென்று சொல்லி வையுங்கள்.

எனக்காகத்தானே வாயை மூடினீர்கள்? எனக்காக இன்னும் ஒன்பது நாள் மூடுங்கள்.

உங்கள் மகன்


மார்ச் 24

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் வந்த அன்று நாள் முழுக்க யோசித்தேன். ஒன்பது நாள் என்கிறாய். அன்று நானும் 'குழந்தை கொஞ்சம் தலையெடுக்கட்டும்' என்றுதான் ஆரம்பித்தேன். அப்புறம் நீ பள்ளிக்கூடம் போனாய், காலேஜ் போனாய், உன் அம்மா போய்ச் சேர்ந்தாள். ஒவ்வொன்றும் ஒன்பது நாள்தான்.

விளையாட்டின் கடைசிப் பக்கத்தில் அவளுடைய இமெயில் முகவரி இருந்தது. நர்ஸம்மாவை விட்டு, என் போன் நம்பரோடு இரண்டு வரி அனுப்பச் சொன்னேன். ஒரு மணி நேரத்துக்குள் போன் வந்தது.

"யாரு பேசறது?"

"மூணாவது மாடியில லிஃப்ட் ஓட்டுனவன்மா."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மூடுகிற சத்தம் கேட்டது.

"சொல்லுங்க."

"உங்கப்பா மணி அடிச்சாரும்மா. ரெண்டு தடவை."

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கேட்டும் இறக்குனீங்களா?"

"இறக்குனேன்."

மேஸ்திரி பேர் வாய்வரை வந்தது. எடுக்கவில்லை. ஏன் இறக்கினேன் என்று அவள் கேட்டபோதுதான் சொன்னேன், காகிதத்தைப் பற்றியும் சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்கம்மா இருக்காங்க" என்றாள். "இன்னிக்கும் அவரைத் திட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. ஒரு கயித்தை இழுக்க முடியலையா அந்த மனுஷனுக்கு, எங்களை நடுத்தெருவுல விட்டுட்டாரேன்னு. போட்டோவைக்கூடச் சுவத்துல மாட்ட விடலை. நீங்க நேர்ல வந்து அவங்ககிட்ட சொல்லுங்க."

"வரேம்மா."

"மன்னிக்கறதுக்காகக் கூப்பிடறேன்னு நினைச்சுக்காதீங்க."

"அதுக்காக வரலம்மா."

விளையாட்டை எடுக்கப்போவதில்லை என்றும் சொன்னாள். "ஆஸ்பத்திரிக்குப் போறது போகட்டும். கயித்தை என்ன செய்யறதுன்னு அப்புறம் பார்க்கறேன்." ஆகையால் உன் குழந்தைகளுக்கு ஒரு குறையும் வராது.

வியாழக்கிழமை காலை ஏழு மணி பஸ். ஐந்து மணி நேரம். நர்ஸம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் சொன்ன வீட்டு விலாசத்தை மனப்பாடம் செய்துவிட்டேன், தெரு, வீட்டு எண், எதிரில் என்ன கடை எல்லாம். நீ வந்தால் கூட இரு, வராவிட்டால் உன்மேல் எனக்கு வருத்தமில்லை. பத்திரிகையில் எதைப் போடுவது என்பது உன் பாடு. ஆனால் நான்கு மாதக் குழந்தையைக் காட்டி இத்தனை வருடம் தப்பித்தவன் நான். அங்கே உன் பேச்சை எடுக்க மாட்டேன்.

அந்த அம்மா கதவைத் திறக்கிறார்களோ இல்லையோ. திறக்காவிட்டால் வாசலில் நின்று, உள்ளே கேட்கும்படி சொல்வேன். "அடிச்சாரும்மா. எனக்குக் கேட்டுச்சு." அதற்கு மேல் அவர்கள் என்ன கேட்டாலும் பதில் சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன்.

உன் அப்பா