பூச்சாடி பார்க்க வருகிறவருக்கு டீ

காளீஸ்வரி அப்பாவுக்கு,

ஹாட்பாக்ஸில் இட்லி இருக்கு. சட்னி வெளியே இருக்கு, சீக்கிரம் சாப்பிட்டுருங்க.

வெள்ளிப் பூச்சாடி வாங்க அந்த மதுரைக்காரர் ஒன்பது மணிக்கு வருவார். டீ கொடுத்து அனுப்பிருங்க. பீரோவைக் குடையாதீக, பூச்சாடி அங்கே இல்லை. உங்க தங்கச்சி மகள் காதுகுத்துக்கு அதை நான் பாலவனத்தம் கொண்டுபோறேன். உங்க அப்பா தோட்டவேலை பார்த்த பங்களாவில் கொடுத்த சாமான். அதை உங்க தங்கச்சி கேட்டதுக்குத்தானே ஆறு மாசமா ரெண்டு பேரும் பேசாம இருக்கீக.

நேத்தே பாத்திரக்கடையில் ‘தாய்மாமன் கருத்தப்பாண்டி சீர்’ என்று பெருசாப் பேர் வெட்டியாச்சு. நூறு வருஷத்துப் பழசு, விலைக்கு இருக்குன்னு போன்ல போட்டீகளே, இனி எந்தக் கிறுக்கனும் அதை வாங்க மாட்டான். பழசுதான் வேணும்னு மதுரைக்காரர் அடம்பிடிச்சா உங்க வண்டியைக் காட்டுங்க.

வெள்ளைச் சட்டையைத் தேய்ச்சு கதவுக்குப் பின்னால மாட்டியிருக்கேன்.

முத்துப்பேச்சி

உங்க தங்கச்சி போன் பண்ணி அழுதா, ‘எனக்கு ஒண்ணும் தெரியாது’ன்னு சொல்லிராதீக. ‘ஆமா, நான்தான் குடுத்துவிட்டேன்’னு சொல்லுங்க.

பூட்டிட்டு வந்தா சாவியை மீட்டர் பெட்டி மேல வைங்க.

இன்னொண்ணு. காது குத்துறது பதினோரு மணிக்கு. சீரை நான் தூக்கிட்டுப் போயிட்டேன். பிள்ளையை உட்கார வைக்கிற மடியை நீங்கதான் கொண்டுவரணும்.