அணைக்காத ஆம்ப்ளிஃபயர்

செஞ்சி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கிட்டார் ஆம்ப்ளிஃபயரை பஸ்ஸில் ஏற்றி அனுப்பும்படி உன் தோழியிடம் சொல்லியனுப்பியிருந்தாய். போனில் பேசினால் சத்தம் போட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

அனுப்ப முடியாது.

திண்டிவனத்தில் கச்சேரிக் குழுவைக் கலைத்தவர்களிடம் கால்வாசி விலைக்கு அதை வாங்கி வந்தபோது, "இன்னாத்துக்கு நைனா இந்தப் பழைய பொட்டி?" என்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டாய். பத்து வருஷத்தில் ஒருமுறை ஃபியூஸ் மாற்றினேன், அவ்வளவுதான். அதையும் நம் பஜார் மெக்கானிக்கே போட்டுக் கொடுத்துவிட்டார்.

வீட்டை விட்டுப் போன அன்று நீ அதை அணைக்கவில்லை. புதுசாக இருந்தால் கரண்ட் போய் வந்ததும் மறுபடி பொத்தானை அமுக்க வேண்டும். இது பழைய சுவிட்ச், போட்டது போட்டபடி நிற்கிறது. இரண்டு வருஷமாக, கரண்ட் வந்ததும் தானாக இரைய ஆரம்பித்துவிடுகிறது.

அம்மாவுக்கு இப்போது மறதி. இந்த வாசற்படியை மிதிக்காதே என்று நான் உன்னிடம் கத்தியதுகூட ஞாபகமில்லை. அந்த இரைச்சல் கேட்டால் உன் அறைக்கு ஓடுகிறாள். "வந்துட்டியா பாப்பா? சாப்டியா?" என்கிறாள். கொஞ்ச நேரம் உன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டு, சிரித்த முகமாகத் திரும்பி வருகிறாள். நான் எப்படி அணைப்பேன்?

நேற்று மத்தியானம் கரண்ட் வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். உன் அறையில் ஆம்ப்ளிஃபயர் இரைந்தது.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன்.

உன்
நைனா