கொஞ்சம் சுகமில்லை என்று சொன்ன பொய்

என் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய ரூத் அக்கா,

முதலில் செய்தி. உங்கள் மகன் தானியேல் ரபி ஆகிவிட்டான். இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன நகரத்து யூத சபைக்கு இப்போது அவன்தான் குரு. இங்கே ஹவுகன்ஸ்டுவாவில் நம் அடுக்குமாடிக் கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டேன். மூன்றாம் மாடிச் சரோஜா, "எஞ்சினியருக்குப் படிச்ச பெடியன் ஐயர் வேலைக்கோ போனவன்?" என்று கேட்டாள். அவன் படிக்கப் போன முதல் வருடம் நீங்களும் இதைத்தானே அழுதழுது கேட்டீர்கள்? அந்த இரகசியத்தை அவளிடம் நான் சொல்லவில்லை. சரி, சொன்னேன்.

இனி என் கோபம். ஐந்து வருடம் லண்டனில் அவன் எபிரேயமும் அரமேயமும் வேதச் சட்டமும் படித்தான். நாம் வேலை செய்த முதியோர் இல்லச் சமையலறையில் நீங்கள் அதைச் சொல்லிச் சொல்லி என் காது புளித்துப்போயிற்று. கடைசி வாய்மொழிப் பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கும்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, முடியும்வரை அவனுக்கு ஒன்றும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள். வேறு ஆளே கிடைக்கவில்லையா? வெஸ்ட்லி தொடங்கித் திராமன் வரை இந்த நாட்டுத் தமிழ் வீடுகளுக்கெல்லாம் செய்தி பரப்புகிறவள் நான்.

பரீட்சைக்கு முதல்நாள், வியாழன் மத்தியானம், போய்விட்டீர்கள். ஒரு நாள் பொறுத்திருக்கக்கூடாதா?

பின்னேரம் அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். எங்கள் ஆட்கள் சாவை நேரே சொல்வதில்லை. 'அம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை, வெளிக்கிட்டு வாங்கோ' என்போம். நானும் அப்படித்தான் சொன்னேன்: கொஞ்சம் சுகமில்லை, பரீட்சையை முடித்துவிட்டு வா. தமிழ்ப் பிள்ளை என்றால் என் குரலிலேயே விளங்கி, அடுத்த விமானத்தில் ஏறியிருக்கும். இவன் நம்பிவிட்டான்.

உங்கள் சபையிலிருந்து வந்த இருவர், மகனுக்கு அறிவித்தாயிற்றா என்று கேட்டார்கள். ஓம், பரீட்சை முடித்துத்தான் வருவார் என்றேன். கனடாவிலிருந்து சித்தப்பா வரும்வரை உடலை ஒரு கிழமை வைத்திருக்கிற ஆட்கள் நாங்கள். நீங்களோ மறுநாளே, வெள்ளி பொழுதுபட ஓய்வுநாள் தொடங்குமுன், அடக்கிவிடுகிற ஆட்கள். பன்னிரண்டு வருடம் பக்கத்துக் கதவில் இருந்தீர்களே, ஒரு தடவை சொன்னீர்களா? வெள்ளி காலை எனக்கு விளங்கியபோது அவன் பரீட்சை அறைக்குள் போய்விட்டான், தொலைபேசி அணைந்திருந்தது. அவன் விமானத்தால் இறங்கியபோது உங்கள்மேல் மண் மூடியாயிற்று.

அவன் என்னைத் திட்டவில்லை. அதுதான் பெரிய எரிச்சல். உங்கள் வழக்கப்படி தாழ்ந்த ஸ்டூலில் ஏழு நாள் துக்கம் இருந்தான். பரீட்சையில் தேறிய செய்தி வந்ததும், பட்டம் வேண்டாம் என்றான், என் வீட்டில் பழகிய தமிழில். "பெத்த தாயை அடக்கம் செய்யேக்கை நிக்காதவன், மற்றவையின்ரை செத்தவீட்டிலை போய் என்னத்தைச் சொல்லுறது, மாமி?"

எனக்கு வந்ததே ஒரு கோபம். "நிண்டிருப்பாய், நான்தான் விடேல்லை. என்னோடை கோவிச்சுக்கொண்டு போய்ப் பட்டத்தை வாங்கு" என்று கத்தினேன். பட்டத்தை வாங்கினான். எட்டு மாதம் என்னோடு கதைக்கவும் இல்லை. சொன்னதை இவ்வளவு ஒழுங்காகக் கேட்பான் என்று யார் கண்டது?

போன ஞாயிறுதான் தொலைபேசி எடுத்தான். அவனுடைய சபையில் ஒரு முதியவர் இறந்துவிட்டாராம். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு யார் சொல்வது என்று எல்லோரும் தயங்க, இவனே எடுத்து, "உங்கடை அப்பா இண்டைக்குக் காலமை செத்துப்போனார். நீங்கள் வரும்வரைக்கும் அடக்கம் செய்யமாட்டம்" என்றானாம். அவள் வந்து, தன் கையால் மண் போட்டாளாம்.

நல்ல வேலை செய்தாய் என்றேன்.

"உங்களிட்டைப் படிச்சதுதான், மாமி."

அது நன்றியா, குத்தலா? பெற்றவர் நீங்கள், உங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு வாக்குத் தருகிறேன். இனிமேல் யாருடைய சாவையும் அவருடைய பிள்ளையிடம் நேரே சொல்வேன். வாயை மூடச் சொல்லி எந்தக் கட்டிலில் படுத்து யார் கேட்டாலும், சத்தியம் மட்டும் பண்ணமாட்டேன்.

கோபம் ஆறாத,
உங்கள் பக்கத்துக் கதவுத் தங்கச்சி