தாணா கழியும் ஜுஹு கடலும்

தாராவி, பம்பாய்
12-1-1964, ஞாயிறு

அன்புள்ள முருகம்மாளுக்கு,

உன் அத்தான் வெயிலுமுத்து எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் வயிற்றிலிருக்கிற சின்ன ஆளும் எப்படி இருக்கிறீர்கள் என்று இரண்டு வரியாவது உடனே எழுது. அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல். மாமாவுக்கும் சொல்லலாம், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருந்தால்.

உன்னைப் பிரசவத்துக்கு அம்பர்நாத்தில் கொண்டுவந்து விட்ட அன்று அவர் பந்தியில் வைத்துச் சொன்னது என் காதை விட்டுப் போகவில்லை. "பிளேனுக்குச் சட்டை தைக்கிறதெல்லாம் ஒரு வேலையா மாப்ளே? தீப்பெட்டிக் கம்பெனியில சொல்லி வச்சிருக்கேன், வந்து சேருங்க." இலை முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அவராகக் கூப்பிடுகிற வரைக்கும் அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று நானும் சொல்லிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதப் போக்குவரத்து. இல்லாவிட்டால் ஞாயிறுதோறும் ரயிலேறி உன் முன்னால் வந்து நின்றிருப்பேன்.

ஒரு பெரிய செய்தி. பிப்ரவரி இரண்டாம் தேதி ஜுஹு மைதானத்தில் விமானக் காட்சி நடக்கப் போகிறது. விமானப்படையிலிருந்து நான்கு ஹண்டர் ஜெட்கள் வருகின்றன. எங்கள் விமானக் கிளப் சார்பில் கேப்டன் மிஸ்திரி டைகர் மாத்தை எடுத்துக்கொண்டு போய் ஆகாயத்தில் கரணம் போடுவார். அந்தப் பழைய துணி விமானத்தில் மேலும் கீழுமாக இருக்கிற நான்கு இறக்கைகளுக்கும் புதுத் துணி தைத்து முடித்திருக்கிறேன். இதுவரை கலீலுல்லா பாய் தைப்பார், நான் மெழுகு நூல் கோத்துக் கொடுப்பேன். அவர் ஓய்வு பெற்றுவிட்டதால் இந்தத் தடவை எல்லா முடிச்சும் என் கையால் விழுந்தது. டோப் என்கிற மருந்தை மேலே பூசிக் காயவிட்டிருக்கிறோம். தட்டினால் துணி தவில் மாதிரி பேசுகிறது.

ஆனால் விமானம் நிறுத்துகிற எங்கள் ஹேங்கர் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. புதுத் துணி போட்ட இறக்கை முதல் தடவை மேலே போகும்போது தைத்தவன் முன்சீட்டில் உட்கார வேண்டும். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். பெண்டாட்டி மாசமாக இருக்கும்போது புருஷன் கடல் தாண்டக் கூடாது, முடி வெட்டக் கூடாது என்று நம் வழக்கம் இருக்கிறதே. ஜுஹுவில் விமானம் ஏறினால் நேரே கடலுக்கு மேலேதானே போகும்? என் தாடியைக் காட்டியே கேப்டனிடம் விளக்கம் சொன்னேன். உனக்காகத்தான் இதெல்லாம். நீ நிம்மதியாக இரு.

உன் அத்தான்,
வெயிலுமுத்து


அம்பர்நாத்
15-1-1964, மாட்டுப் பொங்கல்

அன்பு அத்தான் அவர்களுக்கு,

முருகம்மாள் எழுதிக்கொள்வது. பொங்கல் நல்லபடியாகப் பொங்கியது. நீங்கள் இல்லாமல் சாப்பிட்டேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். சாப்பிட்டேன், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன், ஆனால் உங்களை நினைத்துக்கொண்டேதான் சாப்பிட்டேன். சின்ன ஆள் உதைக்கிற உதையில் மடியில் தட்டை வைத்துக்கொள்ள முடிவதில்லை.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. லைனில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் போய், "எங்க மாப்ள பிளேன்ல ஏற மாட்டேன்னுட்டாரு, பிள்ளத்தாச்சி பொண்டாட்டிக்காவ! இந்தக் காலத்துல யாரு இப்படி இருக்கா?" என்று சொல்லிவிட்டு வந்தாள். அப்பா காதிலும் விழுந்தது. அவர் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார் என்பதை நான் சொல்லவில்லை.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நீங்கள் உட்காராவிட்டால் உங்களுக்குப் பதில் யார் உட்காருவார்கள்? கேப்டன் என்ன சொன்னார்?

உங்கள்
முருகம்மாள்


தாராவி
18-1-1964

அன்புள்ள முருகம்மாளுக்கு,

நீ கேட்டதற்குப் பதில். எனக்குப் பதிலாக யாரும் உட்காரமாட்டார்கள். கேப்டன் நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. தைத்தவனுக்கே நம்பிக்கை இல்லாத இறக்கையை வைத்துக்கொண்டு நான் கரணம் போடமாட்டேன் என்று மட்டும் சொன்னார். டைகர் மாத்தைக் காட்சியன்று கயிறு கட்டி ஓரமாக நிறுத்திவிடுவார்களாம். ஜனங்கள் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

தலைமை மெக்கானிக் கரீம் பாட்சா நம் ஊர்ப் பக்கத்துக்காரர் என்று உனக்குத் தெரியும். அவர்தான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "ஏ மாப்ள, காட்சி முடிஞ்சதும் தையலுக்கு வேற ஆள் பாக்கணும்னு பேச்சு அடிபடுது. இருபத்தொம்பதாம் தேதி வரைக்கும் டைம் வாங்கி வச்சிருக்கேன். யோசிச்சுக்கோ." நான் யோசிக்க என்ன இருக்கிறது? வழக்கம் வழக்கம்தான். தீப்பெட்டிக் கம்பெனியில் அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று மாமாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டு வை. நான் கேட்கச் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். அங்கே வந்துவிட்டால் நீயும் தாய் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம். எல்லாம் நல்லதுக்குத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது இறக்கைகளை விமானத்தில் மாட்டியாகிவிட்டது. சிவப்புச் சாயம் பூசி, ஓரத்தில் வெள்ளைக்கோடு போட்டு, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் அதன் நிழலில்தான் படுத்துக்கொள்கிறேன்.

வெயிலுமுத்து


அம்பர்நாத்
21-1-1964

அத்தான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுகை வந்தது. இரண்டாம் தடவை கோபம் வந்தது. மூன்றாம் தடவை சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாமல் கடைசி வரை படியுங்கள்.

கல்யாணமான புதிதில் மாஹிம் மேளாவுக்குப் போய் ராட்டினத்தில் ஏறினோமே, நினைவிருக்கிறதா? நம் பெட்டி உச்சியில் போய் நின்றதும் நீங்கள் என் கையைப் பிடித்த பிடியில் மூன்று வளையல் உடைந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தீர்கள். இறங்கியதும் கேட்டதற்கு, "வெயில் கண்ணுல அடிச்சுது, அதான்" என்றீர்கள். அப்போது விளக்கு வைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இப்போதும் உங்கள் கண்ணில் அதே வெயில்தான் அடிக்கிறது என்று நினைக்கிறேன்.

பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் அந்தப் பழியைத் தூக்கி என் வயிற்றின் மேல் போடாதீர்கள்.

கடல் கணக்குக்கு வருகிறேன். தாணா ஸ்டேஷன் தாண்டியதும் ஒரு பெரிய பாலம் வருகிறதே, அதற்குக் கீழே இருப்பது என்ன? கடல் கழி. உப்புத் தண்ணீர், ஏற்றமும் உண்டு, வற்றமும் உண்டு, வலை போடுகிறார்கள். என்னை ஏழாம் மாதம் இங்கே கூட்டி வந்தபோது அந்தப் பாலத்தின் மேல் நீங்கள் எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டு வந்தீர்கள். அன்று சாயங்காலமே கோபித்துக்கொண்டு அதே பாலத்தில் திரும்பியும் போனீர்கள். ஆக, இரண்டு தடவை கடல் தாண்டியாகிவிட்டது! அம்மாவிடம் கேட்டேன். அம்மா, "அது ரயிலுல்லா?" என்றாள். "ரயிலுக்குன்னா விட்டுக்குடுக்கிற சாமி பிளேனுக்கு விட்டுக்குடுக்காதாம்மா?" என்றேன். "போட்டீ, உங்கூட பேசி மாளாது" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

இனி நிஜத்தைச் சொல்கிறேன். நீங்கள் தீப்பெட்டிக் கம்பெனிக்கு வந்தால் எனக்குச் சௌகரியம்தான். ஆனால் சாயங்காலம் நீங்கள் அந்த டோப் வாசனையோடு, கனிந்த வாழைப்பழத்தார் ஒன்று வீட்டுக்குள் நுழைகிற மாதிரி வந்து, இன்று இத்தனை முடிச்சு போட்டேன் என்று விரலைக் காட்டுவீர்களே, அந்த மனிதரைத்தான் எனக்குப் பிடிக்கும். அந்த மனிதர் வேலையை விட்டுவிட்டு, அப்பாவுக்குப் பின்னால் சைக்கிளில் போய் வருவதைப் பார்க்க எனக்கு மனசில்லை. அப்பாவிடம் நான் எதையும் கேட்கப் போவதில்லை.

ஏறுங்கள். எனக்குப் பயமே இல்லை.

உங்கள்
முருகம்மாள்


ஜுஹு ஹேங்கரிலிருந்து
29-1-1964, புதன், மாலை

என் முருகம்மாளுக்கு,

ஏறினேன்! ஏறி, இறங்கி, முழுசாக உட்கார்ந்து எழுதுகிறேன். மடியில் பலகை வைத்து எழுதுவதால் எழுத்துக் கோணல். பொறுத்துக்கொள்.

ஆமாம், பயம்தான். ராட்டினத்திலும் பயம்தான். தறி மாதிரி நீளமான மேஜையில் இறக்கையைக் கிடத்தித் தைக்கும்போது வராத பயம், அது வானத்தில் நிற்க வேண்டும் என்று நினைத்தவுடன் வந்துவிடும். இதை வேறு ஒருவரிடமும் சொன்னதில்லை. உன் கடிதம் வந்த மறுநாளே கேப்டனிடம் போனேன். "சாப், மஹினே கா பாத் நஹி தா. டர் தா" என்றேன். பெண்டாட்டியின் மாசம் காரணமில்லை, பயம்தான் என்று. அவர், "டீக் ஹை, சரி. புதன்கிழமை, பத்து மணி" என்றார்.

இன்று காலை முன்சீட்டில் உட்காரவைத்து வாரைப் போட்டு இறுக்கினார்கள். கரீம் பாட்சா காற்றாடியைக் கையால் சுற்றிவிட்டார். ஓடத் தொடங்கியதும் கண்ணை மூடியவன்தான், பூமி விட்டுப் போனதே எனக்குத் தெரியாது. சக்கரத்தின் தடதடப்பு நின்றது, கம்பிகளில் காற்று பாடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்போது ஒரு சந்தேகம் வந்துவிட்டது முருகம்மா. இடது மேல் இறக்கையில் நான்காம் வரிசையில் ஒரு முடிச்சு கொஞ்சம் தடிப்பாக விழுந்திருந்தது. அது என்ன பாடுபடுகிறதோ என்று பார்க்கக் கண்ணைத் திறந்தேன். ஒன்றும் ஆகவில்லை, அழகாக உட்கார்ந்திருக்கிறது. சரி, பக்கத்து வரிசையையும் பார்ப்போம் என்று பார்த்தேன். இப்படி ஒவ்வொரு வரிசையாகப் பார்த்து முடித்துத் தலையை நிமிர்த்தினால், கீழே ஜுஹு கடல், தென்னை மரமெல்லாம் கொத்தமல்லிக் கட்டு அளவுக்கு!

சொல்லாமல் கொள்ளாமல், பின்சீட்டிலிருந்த கேப்டன் விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளி, திடீரென்று மேலே இழுத்தார். பிறகு ஒரு நிமிஷம் எல்லாம் நின்றது. கடல் என் தலைக்கு மேலே இருந்தது, படகு எல்லாம் கவிழ்ந்து தொங்கியது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைக்கிறாய்? விமானத்தில் பின்சீட்டோடு பேச ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதில், "சாப், ஔர் ஏக் பார்! இன்னொரு தடவை!" என்று கத்தியிருக்கிறேன். மூன்று தடவை கரணம் போட்டார். இறங்கியதும் காலையில் சாப்பிட்ட உப்புமா முழுவதையும் புல்தரையில் கக்கினேன். கக்கிக்கொண்டே சிரித்தேன். கரீம் பாட்சா தண்ணீர்ச் செம்போடு நின்று அவரும் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை டைகர் மாத் பறக்கிறது. தையல் வேலையும் என்னிடமேதான் இருக்கிறது. உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேரில் பார்த்தால் தெரியும்.

உன்
வெயிலுமுத்து


அம்பர்நாத்
3-2-1964

என் அன்பு அத்தானுக்கு,

நேற்று இங்கே நடந்ததைக் கேளுங்கள். அப்பா காலையில் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "தாதர் வரைக்கும் போயி ஒரு குடை வாங்கிட்டு வாரேன்" என்று கிளம்பினார். தை மாதத்தில் யார் குடை வாங்குவார்கள்? பொழுது சாய்ந்துதான் திரும்பினார். கையில் குடை இல்லை. அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது, முகம் வெயிலில் கருத்திருந்தது. அம்மா கழுத்துக்குத் தைலம் தேய்க்க உட்கார்ந்ததும் தானாகவே பேசத் தொடங்கிவிட்டார்.

"ஜெட்டு நாலு வந்துச்சுட்டி. வந்தது தெரியல, போனதுதான் தெரிஞ்சுது. போன பெறவுதான் சத்தமே வருது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு அப்படியே செங்குத்தா ஏறி, பூ விரிஞ்ச மாதிரி நாலு பக்கமும் பிரிஞ்சுது. சனம் 'ஓ'ன்னுச்சு. அது பெரிய சங்கதிதான், இல்லேங்கல. ஆனா கடைசியா செவப்பா ஒரு சின்ன பிளேன் வந்துது பாரு. மெதுவா, நம்ம தலைக்கு மேலேயே. தலைகீழா திரும்புது, வெயில் பட்டு றெக்கையில ஒவ்வொரு தையலும் தெரியுது. பக்கத்துல நின்ன சேட்டுகிட்ட சொன்னேன், 'மேரா தாமாத் சியா. எம் மருமவன் தைச்சது'ன்னு. அவன் நம்பல. இருக்கிற எல்லார்கிட்டயும் சொன்னேன்."

உங்களைத் தூரத்தில் பார்த்தாராம். கிட்ட வரக் கூச்சமாக இருந்ததாம். இன்று காலையில் நான் எழுத உட்கார்ந்ததும், "மாப்ளைக்கு நானே எழுதுதேன்" என்று பேனாவை வாங்கிக்கொண்டார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இதோ மேலே ஓரத்தில் அவர் கையெழுத்தில், 'மாப்பிள்ளை வரவும்' என்று இருக்கிறதே, அவ்வளவுதான் எழுத முடிந்தது. போதுமா? போதும் என்று சொல்லி, சனிக்கிழமையே வந்துவிடுங்கள். சின்ன ஆளும் காத்திருக்கிற மாதிரிதான் தெரிகிறது.

கடைசியாக ஒன்று. உங்கள் பயத்தை நீங்கள் சொல்லிவிட்டீர்கள், நான் சொல்லவில்லை. 'எனக்குப் பயமே இல்லை' என்று எழுதிய அந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்ட உடனே என் உயிர் போய்விட்டது. எனக்காக ஏறி ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்? எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு, தபால்காரர் வருகிற வரைக்கும் இரண்டு மணி நேரம் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். அவர் வந்து பெட்டியைத் திறந்ததும், என் கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று அழுதேன். சட்டம் இல்லை அம்மா, சட்டம் இல்லை என்று சொன்னவர், என் வயிற்றைப் பார்த்துவிட்டு, தேடி எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்.

உறைமேல் உங்கள் பெயரைப் பார்த்தேன், முடிச்சுக் கணக்குச் சொல்லி நீங்கள் காட்டுகிற விரல்தான் நினைவுக்கு வந்தது. அதற்குள் தபால்காரர் சைக்கிளில் ஏறிவிட்டார். பின்னாலேயே ஓடிப்போய், நானே அவர் பையில் திரும்பப் போட்டேன்.

உங்கள்
முருகம்மாள்